புயல் மூட்டை

வெள்ளிமணல் என்ற கடலோர ஊரில், உப்பளத்தை ஒட்டி ஒரு மடம் இருந்தது. மடம் என்று ஊரார் மரியாதைக்குச் சொல்வதுதான். நாலு மூங்கில் கால், ஒரு கீற்றுக் கூரை, ஒரு தண்ணீர்ப் பானை, ஒரு சாமி. சாமிக்கு வயது நாற்பத்திரண்டு. அவருக்கு வாய்த்த ஒரே சீடர் தையல்நாயகி. அவளுக்கு அறுபத்தொன்று.

"தம்பி வயசுக்காரர்கிட்ட போய்ப் பாடம் கேக்குறியே" என்று பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் கேலி பேசுவாள். தையல்நாயகி கண்டுகொள்ளமாட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மடத்துக்குப் போவாள். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரைச் சாமி என்பாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு கூச்சமும் இல்லை.

ஐப்பசி பிறந்துவிட்டால் அந்த ஊரில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரமாட்டார்கள். பழைய மீன்வலையைக் கூரைமேல் விரித்து, நாலு ஓரத்திலும் மணல் மூட்டையைத் தொங்கவிடுவார்கள். தென்னையின் மட்டைகளைக் கழித்துத் தலைப்பாரத்தைக் குறைப்பார்கள். கிழக்கு வாசல் கதவுக்கு உட்புறம் குறுக்குக்கட்டை போடுவார்கள். கடல்காற்று வாசல் வழியாக உள்ளே நுழைந்துவிட்டால் கூரையைக் கீழேயிருந்து தூக்கிவிடும். இது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் புயல் மூட்டை கட்டியாக வேண்டும். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ், மாற்றுத்துணி எல்லாவற்றையும் பாலிதீன் பையில் போட்டு, பழைய சேலையில் இறுக்கிக் கட்டி, மேட்டு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். புயல் அறிவித்தால் மூட்டை இருக்கும் வீட்டுக்கே ஆட்களும் போய்விடுவார்கள். மார்கழியில் எடுத்து வருவார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட, மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்பதற்கு முன்னால், உங்கள் மூட்டையை எங்கே வைக்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

தையல்நாயகியின் மூட்டைக்கு இடமில்லை. புருஷன் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. கூடப் பிறந்தவர்கள் கிடையாது. ஒரே மகள் மங்கையர்க்கரசி இருந்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றாள். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற வீம்பில் தையல்நாயகி ஒரு வார்த்தை விட்டாள். இனிமேல் இந்தப் படியை மிதிக்காதே என்றாள்.

மகள் அப்படியே திரும்பிப் போனாள். வீம்பு அன்று சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் தையல்நாயகி தெருமுனை வரை ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. எப்போது வந்தாலும் திறந்திருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். புயலன்றும் அப்படித்தான். மூன்று வருஷத்துக்கு முந்தைய புயலில் ஊரே வண்டி ஏறிப் போனபோது, அவள் மட்டும் வீட்டை விட்டு அசையவில்லை. காற்று திறந்த வாசலில் நுழைந்து பாதிக் கூரையைக் கொண்டுபோனது. கதவு நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உயிர் பிழைத்தாள்.

அந்தப் புயல் ஓய்ந்த பிறகு அஞ்சம்மாளின் மகன் மன்னார்குடியில் மங்கையைப் பார்த்தான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடி வீடு, கீழே தையல் கடை, இரண்டு பிள்ளைகள். அவள் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். வீடு நிக்குதா என்று கேட்டாளாம். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு தையல்நாயகி மூன்று வருஷம் ஓட்டினாள். அவன் எழுதிக் கொடுத்த மகளின் கைபேசி எண் அவளுக்கு மனப்பாடம். எத்தனையோ முறை ஒன்பது எண்களை அழுத்தியிருக்கிறாள். பத்தாவதை அழுத்தியதில்லை.

இந்த ஐப்பசியில் கூரையை வந்து பார்த்த அஞ்சம்மாளின் மகன் தலையை ஆட்டினான். விட்டமெல்லாம் உளுத்துப்போய்விட்டது, இந்தத் தடவை காற்று வந்தால் பாதி இல்லை, முழுசும் போகும், ஆளும் சேர்ந்து போகும் என்றான். அவனுடைய அம்மா எதுவும் கேலி பேசவில்லை. அதுதான் தையல்நாயகிக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மடத்துக்குப் போனாள். சாமி ஏணிமேல் நின்று கூரைக்கு வலை போட்டுக்கொண்டிருந்தார். ஏணியைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள். வேலை முடிந்து இறங்கிய பிறகுதான் என்ன என்று கேட்டார்.

"மூட்டை, சாமி. இங்க வச்சுக்குங்க."

"நல்லா இடம் பாத்தீங்க. உங்க வீட்டைவிட இது பள்ளம். என் தண்ணிப் பானைதான் முதல்ல மிதக்கும்."

"எனக்கு வேற எடம் ஏது?"

சாமி கீழே உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தார். பாலிதீன் பைக்குள் ஒரு தடுப்பூசி அட்டை இருந்தது. பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், தட்டச்சுத் தேர்வுச் சான்றிதழ், எண்ணெய் வழியச் சீவிய தலையோடு ஒரு பள்ளிக்கூடப் படம், ஒற்றைக் கொலுசு. ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்தார். பை காலியானது.

"ரேஷன் கார்டு?"

"வீட்ல கெடக்கு."

"பத்திரம்? மாத்துச் சேலை?"

"எனக்கென்ன சாமி, நனைஞ்சா நனையட்டும்."

"அப்போ இதுல உங்களோடது எது?"

தையல்நாயகி பாயைப் பார்த்தாள். கொலுசைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லே" என்றாள்.

சாமி எல்லாவற்றையும் மறுபடி பைக்குள் அடுக்கினார். படத்தை மட்டும் துண்டால் துடைத்து வைத்தார். சேலையை இழுத்து முடிச்சுப் போட்டு அவள் மடியில் வைத்தார்.

"வேற ஒருத்தர் பொருளுக்கு எடம் தேடி ஏன்க்கா அலையுறீங்க? உடையவங்ககிட்டயே குடுத்துடுங்க."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதற்கா ஆறு வருஷமாகச் சாமி சாமி என்று வந்து உட்கார்ந்தோம் என்று இருந்தது. மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்தாள். பாதி வழியில் கோபம் இறங்கிவிட்டது. அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது வேறு. மகளின் பள்ளிக்கூடப் படம் தலைக்குமேல் இருக்கிறது, மகள் மன்னார்குடியில் இருக்கிறாள். மூட்டை கனமே இல்லை. ஆனாலும் இரண்டு இடத்தில் இறக்கி வைத்துவிட்டுத்தான் அவளால் வீடு வந்து சேர முடிந்தது.

திங்கட்கிழமை துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் கடல் சாம்பல் நிறமாகிவிட்டது. ஒலிபெருக்கி வைத்த ஜீப் தெருத்தெருவாகப் போய் எல்லாரையும் கிளம்பச் சொன்னது. மூட்டைகளை ஏற்கெனவே அனுப்பிவிட்ட ஜனங்கள் கைவீசிக்கொண்டு பேருந்து ஏறினார்கள். அஞ்சம்மாள் மூன்று முறை வந்து கூப்பிட்டாள். நாலாவது முறை வரவில்லை, திட்டிக்கொண்டே வண்டி ஏறிவிட்டாள். மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைசிப் பேருந்து. அது மன்னார்குடிக்குப் போவது.

ஒரு மணிக்குச் சாமி வந்தார். தோளில் ஒரு பை, கையில் ஒரு குறுக்குக்கட்டை. உள்ளே வரவில்லை. கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

தையல்நாயகி பதறிப்போய் எழுந்து வந்தாள். கோபம் எல்லாம் மறந்துவிட்டது.

"என்ன சாமி இங்க வந்து உக்காந்துட்டீங்க? காத்து வரப்போவுது. வண்டிக்குப் போங்க."

"நீங்க வரலியா?"

"எப்படி வருவேன்? நான் அந்தப் பக்கம் போற நேரத்துல அவ வந்துட்டா? பதினோரு வருஷம் கழிச்சு வந்தவ பூட்டின கதவைப் பாத்தா என்ன நெனப்பா? அப்படியே திரும்பிடுவா. அப்புறம் வரவே மாட்டா."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு கேட்க அவளுக்கே சின்னப்பிள்ளைப் பேச்சாகத்தான் இருந்தது. ஆனால் சாமி சிரிக்கவில்லை. நியாயமான கேள்விதான் என்பதுபோல் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"சரி. அதுக்குத்தான் நான் உக்காந்திருக்கேன்."

"எதுக்கு?"

"அவங்க வந்தா சொல்றதுக்கு. உங்க அம்மா உங்க வீட்டுக்குத்தாம்மா போயிருக்காங்கன்னு சொல்லிடறேன்."

தையல்நாயகி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"கடைசி வண்டி கிளம்புற நேரம் வரைக்கும் இந்தப் படியிலதான் இருப்பேன். அதுக்கப்புறம் இந்த ஊருக்கு வர்றதுக்கு வண்டி இல்லே. அவங்களே நெனச்சாலும் வர முடியாது. அப்போ கதவைச் சாத்திக் கட்டையைப் போட்டுட்டு, கொல்லை வழியா வந்து வண்டியில ஏறிக்கிறேன். நான் வர்ற வரைக்கும் வண்டியை நிறுத்தி வைக்கச் சொல்லி டிரைவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

அவள் உள்ளே போனாள். மூட்டை மூலையில் கிடந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அழுகை முடிந்ததும் முகத்தைக் கழுவினாள். மூட்டையைப் பிரித்து ரேஷன் கார்டை வைத்தாள். வீட்டுப் பத்திரத்தை வைத்தாள். பெட்டியைத் திறந்து இரண்டு சேலையை எடுத்தாள். ஒன்றை உள்ளே வைத்துவிட்டு, இன்னொன்று நல்ல சேலையாக இருந்ததால் அதை உடுத்திக்கொண்டாள். கட்டின மூட்டை இப்போது கையில் கனத்தது.

வெளியே வந்தபோது சாமி படியில் ஒரு ஓரமாக ஒதுங்கி வழி விட்டார். அவள் ஒரு காலைத் தூக்கினாள். படியைத் தாண்டவில்லை. இதே படிதான். இதன் உட்புறம் நின்றுகொண்டுதான் அன்று அந்த வார்த்தையைச் சொன்னாள். வெளியே நின்றவளின் கழுத்து மாலையிலிருந்து ஒரு பூ உதிர்ந்தது இன்னும் அவள் கண்ணில் இருக்கிறது. தெருவில் தென்னைகள் மட்டை இழந்து மொட்டையாக நின்றன. தூரத்தில் பேருந்து இரண்டு முறை ஒலி எழுப்பியது.

"சாமி."

"ம்."

"நான் சொன்ன அதே வார்த்தையை அவ எனக்குச் சொல்லிட்டா?"

"சொல்லலாம். சொல்றதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு."

"மொகத்தைத் திருப்பிக்கிட்டா? கதவைத் தொறந்து பாத்துட்டு, நான்தான்னு தெரிஞ்சதும் மொகத்தைத் திருப்பிக்கிட்டா, நான் என்ன செய்வேன்?"

சாமி எழுந்து நின்று, அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கி அவள் தலைமேல் ஏற்றி வைத்தார். அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"திருப்பறதுக்கு முந்தி ஒரு தடவை அந்த மொகத்தைப் பாத்துடுவீங்கல்ல, அக்கா?"