பொம்மை ஊருக்குப் போட்ட பெஞ்சு

ஈரோட்டில் செங்கோடன் என்று ஒரு ஜவுளிக்கடை முதலாளி. செல்போன் விளையாட்டில் நகரம் கட்டினார். அங்கேயும் கடையில் காட்டும் அதே கறார் புத்தி. வரியை ஏற்றி ஏற்றி ஜனங்களை விரட்டிவிட்டார், தங்கக்காசு வற்றிப்போனது. சேலை விற்கும் தெய்வானையிடம் போனை நீட்டினார்.

“சனிக்கிழமைக்குள்ள லட்சம் காசு சேரணும். இல்லாட்டி வேலைக்கு வராதே.”

சேர்த்துவிட்டாள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. வாடிக்கையாளர்கள் முன்னால், “எப்படின்னு சொல்லு” என்றார்.

“தெருவுக்குத் தெரு பெஞ்சு போட்டேனுங்க. போன ஜனங்க திரும்பி வந்து உட்கார்ந்தாங்க, சந்தோஷமா வரி கட்டினாங்க.”

“வெறும் பெஞ்சுக்கா?”

வாடிக்கையாளர்கள் சுற்றிலும் பார்த்தார்கள். காலை ஒன்பதிலிருந்து நிற்கும் பதினோரு விற்பனைப் பெண்களுக்கு அந்தக் கடையில் ஒரு முக்காலிகூட இல்லை.

“பொம்மைக்கே கால் வலிக்குதுங்க, முதலாளி” என்றாள் தெய்வானை.