ஏழு நகல்

ஊருக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரி. அங்கே கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள் சலோமி. அவளிடம் தொழில் கற்க வந்தவர் பூவலிங்கம். அவளுக்குப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். லேசில் யாரையும் நம்புகிற மனுஷன் இல்லை.

சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தினமும் ஒரு நகல் எடுத்து வைப்பது அவர் வேலை. ஏழு நகல் இருந்தால் போதும், எட்டாவது வந்ததும் பழசு தானாக அழியட்டும் என்று விதி போட்டதும் அவரேதான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

“டீச்சர், சர்வர்ல எவனோ பூந்துட்டான். யூசர் லிஸ்ட்ல நாம சேர்க்காத பேர் ஒண்ணு இருக்கு.”

“யாரா இருக்கும்?”

“நேத்து ஏசி பார்க்க வந்தானே, அவன்தான். முழியே சரியில்ல.”

“உங்களுக்கு இதுவரைக்கும் யார் முழி சரியா இருந்திருக்கு?”

“விளையாடாதீங்க. நாளைக்கு டயாலிசிஸுக்கு நாப்பது பேர் வர்றாங்க, அவங்க நேரம் பூரா இதுலதான் இருக்கு. நேத்து நகல் வேணாம், சனிக்கிழமை நகலைத் திரும்பப் போட்டுட்டா தீர்ந்துச்சு. எல்லாத்தையும் புதுசா ஏத்தணும்னா மூணு நாள் ஆயிடும்.”

“முதல்ல அந்தக் காலி கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க.”

போட்டார். பார்த்தார்.

“இதுலயும் இருக்கான்.”

“ஏசிக்காரர்?”

“அவன் நேத்துதானே வந்தான்.” குரலைத் தாழ்த்தினார். “அப்போ வாட்ச்மேன்.”

“வெள்ளிக்கிழமையைப் போடுங்க.”

அதிலும் அந்தப் பேர் இருந்தது. வாட்ச்மேன் அன்றைக்கு லீவு. சந்தேகம் லேப்காரர் மேல் போனது. வியாழன், புதன், செவ்வாய். நகலுக்கு ஒரு ஆளாகப் பாதி ஆஸ்பத்திரியைக் குற்றவாளியாக்கிவிட்டார்.

கடைசி நகல், போன திங்கட்கிழமையுடையது. அதிலும் இருந்தது.

பூவலிங்கம் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். “இந்த ரூம் சாவி உங்ககிட்டயும் இருக்கு, டீச்சர்.”

“இருக்கே. நான்தான்னே வெச்சுக்குவோம். என்னைக்குப் பூந்தேன்?”

“அதுக்கு முந்தின நகலைப் பார்த்தாத்தானே சொல்ல முடியும்.”

“பாருங்க.”

கீபோர்டில் கை வைத்தார். எடுத்துக்கொண்டார்.

“அது அழிஞ்சிருச்சு.”

சலோமி போனை எடுத்தாள். நாளைக்கு வர வேண்டிய நாப்பது பேருக்கும் நேரத்தைப் பேப்பரில் எழுதிவைக்கச் சொல்லி வார்டுக்குத் தகவல் கொடுத்தாள். சர்வரில் எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற உட்கார்ந்தாள்.

பூவலிங்கம் பக்கத்தில் வந்து நின்றார்.

“நகலை எத்தனை நாளைக்குத்தான் வெச்சிருக்கணும், டீச்சர்?”

“ஒருத்தன் உள்ளே வந்து எத்தனை நாள் கழிச்சு உங்களுக்குச் சந்தேகம் வரும்? அதைச் சொல்லுங்க, நான் இதைச் சொல்றேன்.”