சுண்ணாம்புக்கு அடியில் இருந்த முகம்

பழைய சுவரோவியங்களைச் சுத்தம் செய்து மீட்டுக் கொடுப்பது தேன்மொழியின் வேலை. வயது நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். அவளிடம் சீடராக வந்து சேர்ந்த அம்பலவாணனோ, பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தலை முழுக்க நரைத்தவர். அவர் அவளை அம்மா என்றார். அவள் அவரை ஐயா என்றாள். இருவருக்கும் அது சரியாகவே இருந்தது.

ஆலங்கரை சிவன் கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அங்கே முன்மண்டபச் சுவரில் ஒரு தெப்பத் திருவிழா ஓவியம் இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்பு கங்காதரன் என்ற வெளியூர் ஓவியர் வரைந்தது. நடுவில் தெப்பம், சுற்றிலும் படிக்கட்டு நிறைய ஜனம். அந்தக் கூட்டத்தில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண். அவள் முகத்தில் மட்டும் யாரோ சுண்ணாம்பை அப்பி வைத்திருந்தார்கள்.

"இது என்னம்மா?" என்று கேட்டார் அம்பலவாணன்.

"எடுத்தால் தெரியும், ஐயா."

"ஊரில் விசாரிச்சுப் பார்க்கட்டுமா?"

"பாருங்க."

ஊர் சொல்லக் காத்திருந்தது போலச் சொன்னது. அந்தப் பெண் தையல்நாயகி. அரிசி மில் மாணிக்கத்தின் மனைவி. ஓவியன் அவள் முகத்தைத் திருட்டுத்தனமாகச் சுவரில் வரைந்துவிட்டான். விஷயம் வெடித்தது. யாரோ சுண்ணாம்பை அப்பினார்கள். ஓவியன் ஊரை விட்டுப் போனான். கொஞ்ச நாளில் அவளும் கைக்குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டுக் காணாமல் போனாள்.

"சேர்ந்துதான் போனாங்க. வேற எங்க போவா?" என்றாள் கோயில் வாசலில் பூ விற்கும் செங்கமலம். "சுவத்துல அவ முகத்தை நான் என் கண்ணால பார்த்தேன். சிரிச்சா இடது கன்னத்துல குழி விழும். அதைக்கூட விடாம வரைஞ்சிருந்தான் அந்தப் பாவி."

பழைய பஸ் கண்டக்டர் துரைசாமி வலது பக்கம் போட்டிருந்த மூக்குத்தியைப் பற்றிச் சொன்னார். டீக்கடைக்காரர் உதட்டோர மச்சத்தைச் சொன்னார். சுண்ணாம்பை அப்பியது யார் என்பதில்தான் யாரும் ஒத்துப்போகவில்லை. புருஷன் என்றார் ஒருவர். மாமியார் என்றார் இன்னொருவர். தர்மகர்த்தா ஆள் வைத்துச் செய்தார் என்றார் மூன்றாமவர்.

அம்பலவாணனுக்குத் தலை சுற்றியது. ஆனால் முகம் மட்டும் நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வரையச் சொன்னாலும் வரைந்துவிடுவார் போலிருந்தது.

ஒரு நாள் காலையில் ஒரு பெண்மணி மண்டபத்துக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"நான் அபயாம்பாள். சன்னதித் தெருவுல தையல் கடை வெச்சிருக்கேன்" என்றார். பிறகு சுவரைக் கைகாட்டினார். "தொட்டில்ல கிடந்தது நான்தான்."

அம்பலவாணன் எழுந்து நின்றார்.

"எம் பொண்ணுக்கு வரன் வந்திருக்கு. நல்ல இடம். யாரோ போய் இந்தச் சுவத்துக் கதையைச் சொல்லிட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மா யோசிக்கிறாங்க. சீக்கிரம் எடுத்துடுங்க மாஸ்டர். உள்ளே இருக்கறது வேற யார் முகமாவது இருந்தா, எங்களுக்கு இந்தத் தலைகுனிவு தீரும். எங்கம்மா முகமா இருந்தா..." அவர் நிறுத்தினார். "எங்க வீட்ல அம்மா போட்டோ ஒண்ணுகூட இல்லை. அப்பா எல்லாத்தையும் கொளுத்திட்டாராம். ஒரு தடவை பார்த்துக்குவேன்."

அவர் போன பிறகு அம்பலவாணன் தேன்மொழியிடம் கேட்டார். "எது இருந்தால் நல்லதும்மா?"

"இருக்கிறது இருக்கட்டும், ஐயா."

அவர் வேலையைத் தொடங்கினார். ஈரப் பஞ்சை வைத்து ஊறவிட்டு, மெல்லிய கத்தியால் பொட்டுப் பொட்டாகச் சுண்ணாம்பை எடுத்தார். கன்னம் வரவேண்டிய இடத்தில் கன்னம் வரவில்லை. மூக்குத்தி வரவேண்டிய இடத்தில் மூக்கே இல்லை.

"அம்மா, இங்கே ஒண்ணுமே இல்லை."

தேன்மொழி வந்து பார்த்தாள். பச்சைப் புடவைத் தலைப்பு தோளில் அழகாக விழுந்திருந்தது. கழுத்தில் காசுமாலை, காதோரம் மல்லிகைச் சரம். நடுவில் வெறும் சுவர். அதன் குறுக்கே ஒரு விரிசல்.

"நான் சுரண்டிட்டேனா?"

அவள் பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தாள். "இல்லை. வர்ணம் பட்டிருந்தால் சுவருக்குள் கொஞ்சமாவது ஊறியிருக்கும். இங்கே பிரஷ் தொடவே இல்லை."

"பின்னே சுண்ணாம்பு?"

"விரிசலை அடைக்கப் பூசியிருக்கலாம். காயட்டும், அப்புறம் வரையலாம்னு ஓவியர் விட்டிருக்கலாம்."

"அப்புறம் ஏன் வரையாமல் போனார்?"

"தெரியாது."

"அந்தம்மா ஏன் போனாங்க?"

"அது சுவருக்கு எப்படித் தெரியும், ஐயா?"

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் பூஜை செய்துகொண்டிருந்த சுவாமிநாத குருக்களின் வீட்டுக்குப் போனார். குருக்களுக்குக் கண் மங்கிவிட்டது, நினைவு மங்கவில்லை.

"கங்காதரனா? கீத்துத் தட்டி கட்டி மறைச்சுண்டுதான் வரைவான். உள்ளே ஒரு ஈ காக்கா போக முடியாது. அவன் கிளம்பிப் போனதுக்கப்புறம் நாங்கதான் தட்டியைப் பிரிச்சோம். அப்பவே அந்த இடத்துல சுண்ணாம்பு இருந்தது."

"அப்படின்னா அந்த முகத்தை யாருமே பார்க்கலையா, சாமி?"

"நான் பார்க்கலை. மத்தவா எல்லாரும் பார்த்தேன்னு சொன்னா. நமக்குத்தான் கொடுத்து வைக்கலைன்னு இருந்துட்டேன்."

அபயாம்பாள் வந்து சுவரின் முன்னால் நின்றார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ எங்கம்மா இங்கே இல்லவே இல்லையா?"

அம்பலவாணன் கத்தியைக் கீழே வைத்தார். அந்தப் பெண்மணியின் தலையிலிருந்து ஒரு பழி இறங்கியிருக்கிறது. இனி ஒருநாளும் பார்க்க முடியாதபடி ஒரு முகமும் போயிருக்கிறது. இதற்குச் சந்தோஷப்படுவதா, துக்கப்படுவதா? அபயாம்பாளுக்கும் அது தெரியவில்லை போலும். சிரித்துக்கொண்டே அழுதார். அப்புறம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"இதை மூடிடாதீங்க. நான் போய் மாப்பிள்ளையோட அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன்."

மாப்பிள்ளையின் அம்மா வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார். அபயாம்பாளைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"இதுக்கா?" என்றார்.

வேறொன்றும் கேட்கவில்லை. ஆவணியில் முகூர்த்தம் என்று முடிவாயிற்று.

ஊர் அத்தோடு விடவில்லை. கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தது. கண்டக்டர் துரைசாமி சுவர் மேல் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன மாஸ்டர், சுண்ணாம்போட முகத்தையும் சேர்த்துச் சுரண்டிட்டீங்களே!"

"இங்கே முகம் இருந்ததே இல்லைங்க."

"இருந்ததைப் பார்த்தவன்கிட்டயே இல்லைங்கிறீங்களே!"

சாயங்காலத்துக்குள் பேச்சு முளைத்துக் கிளைவிட்டது. தையல்நாயகியின் பேத்தி கல்யாணம் நடக்க வேண்டுமென்று மாஸ்டர் முகத்தை அழித்துவிட்டாராம். அபயாம்பாள் கேட்டுக்கொண்டாளாம். செங்கமலம் அவரைக் கண்டதும் பூக்கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டீக்கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றது, வெளியே வந்தால் தொடர்ந்தது. கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் மட்டும் நேரில் வந்தார். "வயசுல பெரியவர் நீங்க. இப்படிப் பண்ணலாமா?" என்று வருத்தத்தோடு கேட்டார். அந்த வருத்தம்தான் அம்பலவாணனை அதிகமாகச் சுட்டது.

மறுநாள் அவர் தேன்மொழியிடம் வந்தார்.

"அம்மா, நான் ஒரு முகத்தை வரைஞ்சிடுறேன். இந்தப் பேச்சு நிக்கட்டும்."

அவள் மறுக்கவில்லை. ஒரு பிரஷை எடுத்துக் கழுவித் துடைத்து அவரிடம் கொடுத்தாள்.

"வரையுங்க."

அவர் வர்ணம் குழைத்தார். சாரப் பலகையில் ஏறி நின்றார். மனசுக்குள் முகம் தயாராக இருந்தது. பிரஷ் சுவரைத் தொடப் போன நேரத்தில் அந்த முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். கன்னக்குழி செங்கமலம் சொன்னது. அதை எடுத்துவிட்டுப் பார்த்தார். மூக்குத்தி கண்டக்டர் சொன்னது. அதையும் எடுத்தார். மச்சம் டீக்கடைக்காரர் சொன்னது. அதையும் எடுத்த பிறகு அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை.

வர்ணம் பிரஷிலேயே காய்ந்தது. அவர் இறங்கி வந்தார்.

"அம்மா, நான் சுரண்டலை."

"தெரியும், ஐயா."

"உங்களுக்குத் தெரியும். இவங்களுக்கு எப்படிச் சொல்றது? சத்தியம் பண்ணினாலும் சிரிக்கிறாங்க. பேசாமல் இருந்தால், பார்த்தியா வாயைத் திறக்கலை என்கிறாங்க. யார் முகத்திலும் முழிக்கப் பிடிக்கலை. யார்கிட்டயும் சொல்லிக்காமல் இந்த ஊரை விட்டே போயிடலாம்னு இருக்கும்மா."

தேன்மொழி அவர் கையிலிருந்த பிரஷை வாங்கித் தண்ணீரில் போட்டாள்.

"போங்க, ஐயா. ஏன் போனீங்கன்னு ஊர் சொல்லிக்கும்."

அம்பலவாணன் அந்தப் பச்சைப் புடவைக்காரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.