குறி போடாத தண்ணீர்

பூமிக்கடியில் ரசாயன மருந்து கலந்த தண்ணீரை அழுத்தி, பாறையை உடைத்து எரிவாயு எடுக்க வந்த கம்பெனிக்கு ஊர்ச் சம்மதம் தேவைப்பட்டது. அதன் மேலாளர் சந்திரமௌலி கிராமசபைக்கு வந்தார். குடிக்கிற தண்ணீரைப் பாட்டிலில் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை ஊர் கவனித்தது.

"அந்தத் தண்ணி பாதாளத்துலயே கிடக்கும். உங்க பம்புக்கு வரவே வராது. வரும்னா இப்பவே நிரூபிங்க. முடியலையா, கையெழுத்தைப் போடுங்க!" என்றார்.

இன்னும் இறக்காத தண்ணீர் மேலே வரும் என்று எப்படி நிரூபிப்பது? நெற்களம் கூட்டுகிற செங்கமலம் எழுந்தாள்.

"ஐயா, களத்துல நெல்லைக் குவிச்சதும் மேல சாணியைக் கரைச்சுக் குறி போடுவோம். எவனாவது அள்ளினா குறி கலைஞ்சு காட்டிக் கொடுத்துரும். நீங்களும் உங்க தண்ணியில ஒரு அடையாள மருந்தைக் கலந்து இறக்குங்க. எங்க பம்புத் தண்ணியை நாங்க வெளியூர் லேப்ல அப்பப்ப சோதிச்சுக்கிறோம். குறி தென்படலைன்னா உங்க பேச்சு நெசம்."

சந்திரமௌலிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அதெப்படிம்மா? நாளைக்கு எவன் பம்புலயாவது அது வந்து தொலைச்சா, கேஸ் எங்க தலையிலதானே விழும்?"

செங்கமலம் விடவில்லை.

"வரவே வராதுன்னீங்களே, ஐயா?"

மேலாளர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமலே மூடினார். ஊராட்சித் தலைவரும் கையெழுத்துக்கு எடுத்திருந்த பேனாவை மூடினார்.

செங்கமலம் உட்கார்ந்துகொண்டே சொன்னாள்: "குவியலுக்குக் குறி போடாதேங்குறவன் வீட்லதான் நாங்க முதல்ல நெல்லைத் தேடுவோம்."