மாதிரிக்கு ஒரு கடிதம்

டொரண்டோவில் ஒரு ஹோட்டல் அடுப்படியில் பாத்திரம் கழுவிப் பிழைக்கிறவள் பொன்மாரி. கோவில்பட்டியில் தனியாகக் கிடந்த பார்வையில்லாத அப்பாவை ஸ்பான்சர் செய்து கூட்டிப்போகச் சென்னைக்கு வந்திறங்கினாள். விசா மனுக்களைச் சரிபார்த்து அனுப்புகிற ஏஜென்சியில் மேலாளர் தணிகாசலம் கையெழுத்துப் போட்டால்தான் காரியம் நகரும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு பொன்மாரி அங்கே போனாள். தணிகாசலமோ மனுவைத் தொடவே இல்லை.

“கண்ணு தெரியாதவர் அங்க போய் எல்லாருக்கும் பாரமா இருப்பார். ஒரு நாள் முழுக்க யார் துணையும் இல்லாம இருப்பார்னு எழுதிக் கொடும்மா, பார்க்கலாம்.”

பொன்மாரிக்குச் சுர்ரென்று ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

“தர்றேன் சார். எனக்கு எழுத்து வாசனை கம்மி. மாதிரிக்கு, நீங்க ஒரு நாள் முழுக்க யார் துணையும் இல்லாம இருப்பீங்கன்னு உங்க பேர்லயே ஒண்ணு எழுதிக் காட்டுங்க, பார்த்து எழுதிக்கிறேன்.”

“இதென்ன பெரிய விஷயம்?” என்று தாளை வெடுக்கென்று இழுத்தார் தணிகாசலம். அதன்மேல் இருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. அதை எடுத்துக் கொடுக்க உதவியாளரைக் கூப்பிட்டு மணியை அடித்தார். ஆள் வரவில்லை. மறுபடி அடித்தார். “இந்த முருகையா எங்க தொலைஞ்சான்?”

“உங்களுக்கு டீ வாங்கப் போயிருக்காரு ஐயா,” என்றார் மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா. “பேனா உங்க வலது காலுக்குப் பின்னால கிடக்கு. உருண்ட சத்தம் அங்கதான் நின்னுச்சு.”

தணிகாசலம் குனிந்து பார்த்தார். அங்கேயேதான் கிடந்தது.

“இப்ப எழுதுங்க சார்,” என்றாள் பொன்மாரி. “முருகையா அண்ணன் வந்ததும் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும்.”

தணிகாசலம் அந்தத் தாளை மெல்ல ஒதுக்கிவிட்டு, மனுவை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.