நாற்பத்திரண்டாவது படம்

ஏழுபனைவிளையில் நிற்பவை ஐந்து பனைகள். எண்ணிப் பார்த்தவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். அந்த ஊரில் தளவாய் போட்டோ ஸ்டூடியோ என்று ஒன்று உண்டு. அதில் மூன்று பேர். மூளை எத்தனை என்பதைக் கதை முடிந்ததும் நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

முதலாளி தளவாய் முப்பத்தோரு வருடமாகப் படம் எடுப்பவர். அவர் மனைவியின் தம்பி கோமதிநாயகம் விளக்குப் பிடிப்பவர். சுடலைமணி இருட்டறையில் உட்கார்ந்து பிலிம் ரோல் கழுவுபவர். மூவரில் சுடலைமணிதான் அறிவாளி என்பது மற்ற இருவரின் கருத்து. அதிலிருந்தே அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு திங்கட்கிழமை, பள்ளித் தலைமையாசிரியை எஸ்தர் செல்வக்கனி தளவாயைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பத்தாம் வகுப்புல நாப்பத்திரண்டு பிள்ளைங்க. ஹால் டிக்கெட்டுக்குப் படம் வேணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள என் மேஜைக்கு வரணும். இல்லைன்னா அடுத்த வருஷத்திலிருந்து வேற ஸ்டூடியோவைப் பாத்துக்கிடுவேன்."

பள்ளிக்கூடத்து வேலை போனால் ஸ்டூடியோவுக்கு வேறு வேலை இல்லை. பிலிமோ எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஆகவே மூவரும் டிஜிட்டல் கேமரா வாங்க அன்றைக்கே டவுனுக்குப் பஸ் ஏறினார்கள்.

கடைக்காரர் நல்ல மனிதர். ஒரு கேமராவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது இருபத்து நாலு மெகாபிக்சல். உங்களுக்கு இது போதும்."

தளவாய் விரல் விட்டு எண்ணினார். "போதாது. எங்க பிள்ளைங்க நாப்பத்திரண்டு. மீதி பதினெட்டு பேர் எங்க போவாங்க?"

"இல்லைங்க, மெகாபிக்சல்ங்கிறது..."

"அத்தான், விடாதீங்க," என்றார் கோமதிநாயகம். "இருக்கிறதைத் தள்ளிவிடப் பாக்காரு."

கடைக்காரர் முப்பத்து மூன்றைக் காட்டினார். ஒன்பது பிள்ளைகள் குறைந்தார்கள். கடைசியில் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டிலிருந்து நாற்பத்தைந்து மெகாபிக்சல் ஒன்றை இறக்கினார். அந்த டவுனில் அதை வாங்கும் அளவுக்கு யாருக்கும் தேவை வந்ததில்லை.

"மூணு மிச்சம் வருதே," என்றார் தளவாய்.

"நம்ம மூணு பேருக்கு வச்சிக்கிடலாம் அண்ணாச்சி," என்றார் சுடலைமணி. இதனால்தான் அவரை அறிவாளி என்கிறார்கள்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் சுடலைமணி கடையின் விளக்குகளை அணைக்கச் சொன்னார். வெளிச்சம் பட்டால் ரோல் கெட்டுவிடும் அல்லவா. ரோலே கிடையாது, கார்டுதான் என்று கடைக்காரர் கட்டைவிரல் நகம் அளவில் ஒன்றைக் காட்டினார்.

"இதுல எத்தனை படம் விழும்?"

"நாலாயிரம்."

சுடலைமணி ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"முப்பத்தாறு விழுற கார்டு இல்லையா?" என்று கேட்டார் தளவாய்.

"இதைவிடச் சின்னது என்கிட்ட இல்லை. எடுத்த படம் உடனே பின்னால தெரியும். கண்ணு மூடியிருந்தா இந்தப் பொத்தானை அழுத்துங்க, அழிஞ்சிரும். அவ்வளவுதான்." கடைக்காரர் அவர்களைச் சீக்கிரம் அனுப்பிவைத்தார். பிறகு அவரும் தண்ணீர் குடித்தார்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வரிசைப்படி படம் எடுத்தார்கள். கழுவாத படம் வெளிச்சத்தில் தெரிவது சுடலைமணிக்குப் பிடிக்கவில்லை. அதனால் கேமராவின் முதுகைக் கறுப்புத் துணியால் மூடி, அதற்குள் தலையை விட்டுப் பார்க்கும் வேலை கோமதிநாயகத்துக்கு. தளவாய் பட்டியலில் ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை டிக் அடித்தார். கடைசிப் பெயர் வேதவல்லி.

துணிக்குள்ளிருந்து கோமதிநாயகத்தின் குரல் வந்தது. "அத்தான், வேதவல்லி கண்ணை மூடிட்டா."

"கடைக்காரர் என்ன சொன்னாரு?"

"அழிக்கச் சொன்னாரு."

"அப்ப அழி."

அழித்தார். "மறுபடி எடுக்கணுமோ அண்ணாச்சி?" என்று சுடலைமணிக்கு ஒரு சந்தேகம்.

"மறுபடி எடுக்கச் சொன்னாரா?"

"சொல்லலை."

"டிக் வேற அடிச்சாச்சு," என்று தளவாய் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார்.

வேலை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். கார்டைக் கொண்டுபோய் பிரிண்ட் போட்டிருந்தால் அன்று மாலையே படம் கையில் இருக்கும். ஆனால் கேமராவின் ஓரத்தில் ஓர் எண் நின்றது. இன்னும் எடுக்க வேண்டியவை: மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது.

"பாதி ரோலை நான் கழுவ மாட்டேன்," என்றார் சுடலைமணி. "முப்பத்தோரு வருஷத்துல ஒருநாளும் கழுவினதில்லை. முடிச்சுக் கொடுங்க, கழுவித் தாரேன்."

தளவாய்க்கு இது நியாயமாகப் பட்டது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நாலாயிரத்தையும் முடித்தாக வேண்டும். மூவரும் ஓட்டமாக வெளியே வந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் சைக்கிள் கடைப் பால்துரையின் வெள்ளாடு நின்றது. அதைப் பிடித்து நிறுத்தி, தாடையை நிமிர்த்தி, ஒன்று எடுத்தார்கள்.

பிறகு மின்கம்பங்களை எடுத்தார்கள். பிலிம்காரர்கள் ஒரு படத்தைக்கூட வீணாக்க மாட்டார்கள். ஒவ்வொரு கம்பத்துக்கும் கோமதிநாயகம் விளக்கைச் சரிபார்த்தார். தளவாய் ஒவ்வொரு கம்பத்திடமும் "அசையக் கூடாது" என்றார். இருட்டுவதற்குள் ஆட்டோடு சேர்த்து நூற்றுப்பத்துப் படம் ஆனது.

புதன்கிழமை ஒரு தகராறு வந்தது.

"கம்பத்துக்குக் கண்ணு திறந்திருக்கா மூடியிருக்கா?" என்று துணிக்குள்ளிருந்து கேட்டார் கோமதிநாயகம்.

"கண்ணே இல்லையேவே," என்றார் தளவாய்.

"இல்லைன்னா திறந்திருக்கலைன்னுதானே அர்த்தம்?"

சுடலைமணி அரைமணி நேரம் யோசித்தார். "திறக்காத கண்ணு மூடின கண்ணுதான்," என்று தீர்ப்புச் சொன்னார். நூற்றொன்பது கம்பங்களையும் அழித்தார்கள். எண் பழையபடி மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சத்துக்கு ஏறிக்கொண்டது.

"அண்ணாச்சி, ரோல் வளருது," என்றார் சுடலைமணி. அவர் முகம் வெளுத்துவிட்டது.

அன்றிலிருந்து கண் உள்ளவற்றை மட்டுமே எடுப்பது என்று முடிவானது. கோழி, எருமை, கருவாடு விற்கும் அக்கா, கருவாடு. வியாழக்கிழமை முழுவதும் ஓடியும் வெள்ளிக்கிழமை காலையில் மூவாயிரத்துச் சொச்சம் மீதி இருந்தது. தளவாய் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டார். "வேலை போச்சுவே மாப்ள," என்றார்.

அவரைத் தேற்ற வந்த கோமதிநாயகம் கேமராவைக் கழுத்தில் போட்டபடி சுவரில் சாய்ந்தார். முழங்கை கேமராவின் ஏதோ ஒரு பொத்தானில் அழுந்தியது. அது தையல் மெஷின் மாதிரி டரரரவென்று ஓடத் தொடங்கியது. அவர் சாய்ந்தபடியே இருந்தார். மூன்று மணி வரை சாய்ந்தபடியே இருந்தார். நிறுத்தத்தின் எதிர்ச்சுவர் மூவாயிரம் முறை படமானது. சுவருக்குக் கண் உண்டா என்று அவர்கள் கேட்காமல் விட்டதுதான் அந்த வாரத்தில் அவர்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

எண் பூஜ்யத்துக்கு வந்ததும் சுடலைமணி கார்டை இருட்டறைக்குள் கொண்டுபோனார். மருந்தில் ஊறவைத்து, மூன்று தண்ணீரில் அலசி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார். பிரிண்ட் கடையில் இருந்த பெண் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏன் ஈரமா இருக்கு?"

"கழுவியாச்சு. முதல் நாப்பத்திரண்டை மட்டும் பிரிண்ட் போடும்மா."

அந்தக் கார்டு எப்படி உயிரோடு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதன் பொல்லாத நேரம், இருந்தது.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது எஸ்தர் டீச்சரின் மேஜையில் நாற்பத்திரண்டு படங்களும் அடுக்கப்பட்டன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசிப் படத்தில் நின்றார்.

"இது யாரு?"

தளவாய் பட்டியலைப் பார்த்தார். "நாப்பத்திரண்டு. வேதவல்லி."

"வேதவல்லிக்குக் கொம்பு உண்டா?"

மூவரும் குனிந்து பார்த்தார்கள். "கழுவும்போது வந்திருக்கும் டீச்சர்," என்றார் சுடலைமணி. "சிலநேரம் இப்படிக் கறை விழும்."

"கண்ணு நல்லாத் திறந்திருக்கு," என்றார் கோமதிநாயகம்.

எஸ்தர் டீச்சர் எழுந்தார். வராந்தாவில் நின்ற வேதவல்லியைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்தினார். தன் கைபேசியில் ஒரு படம் எடுத்தார். பிரிண்ட் கடைக்கு அனுப்பினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"பாதி ரோல்லயேவா?" என்று முணுமுணுத்தார் சுடலைமணி.

"டீச்சர், அடுத்த வருஷத்து வேலை..." என்று இழுத்தார் தளவாய்.

எஸ்தர் டீச்சர் ஆட்டின் படத்தை அவர் கையில் திணித்தார். "இந்தப் படத்துல இருக்கிறவங்க வந்து பரீட்சை எழுதட்டும். அப்புறம் தாரேன்."

வெளியே வந்ததும் மூவரும் இதைப் பற்றிப் பேசினார்கள்.

"கண்டிப்பான டீச்சர்தான். ஆனா வழி விட்டுட்டாங்க," என்றார் தளவாய்.

"பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கு அத்தான். படிக்க வச்சிரலாம்."

பரீட்சை நாள் காலையில், குளிப்பாட்டி விபூதி பூசிய வெள்ளாட்டை மூவரும் பள்ளி வாசலுக்கு இழுத்துவந்தார்கள். தளவாய் அதன் முகத்துக்குப் பக்கத்தில் படத்தை உயர்த்திப் பிடித்தார். வாசலில் நின்ற காவலர் படத்தைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், மூவரையும் பார்த்தார். அவருக்கு இரண்டு மாதத்தில் ஓய்வு. சண்டைபோட விருப்பமில்லை.

"ஆள் சரிதான்," என்றார். "பேனா எங்கே?"

தளவாய் தலையில் அடித்துக்கொண்டார். ஆட்டைக் காவலரிடமே ஒப்படைத்துவிட்டு மூவரும் எதிர்க் கடைக்கு ஓடினார்கள். அங்கே ஒரு சிக்கல்.

"அதுக்கு வலதுகைப் பழக்கமா இடதுகைப் பழக்கமா அண்ணாச்சி?" என்று கேட்டார் சுடலைமணி.

"தெரியலையேவே. எழுதிப் பாத்ததில்லையே."

மணி அடித்துவிட்டது. இனி யோசிக்க நேரமில்லை. சுடலைமணிதான் வழி சொன்னார். காலுக்கு ஒன்றாக நான்கு பேனா வாங்கிக்கொண்டு மூவரும் திரும்பி ஓடினார்கள்.