ஐந்து பேர் டிக்கெட்டில் நாலு பேர்

கீழப்பெருங்குளத்தூர் மேள செட்டில் மொத்தம் நாலு பேர். நாகஸ்வரம் அம்மையப்பன், தவில் பக்கிரிசாமி, தாளம் குஞ்சிதபாதம், சுருதிப்பெட்டி தெட்சிணாமூர்த்தி. வாசிப்பில் குறை சொல்ல முடியாது. வாத்தியத்தைக் கீழே வைத்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் ஊரில் பேச்சு.

இந்த நாலு பேரை ஜெர்மனிக்கு வரவழைத்த புண்ணியவான் கருணைலிங்கம் என்ற யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய மகளுக்குக் கல்யாணம். ரெக்கார்டு போட்டுத் தாலி கட்ட விடமாட்டேன், நிஜ மேளம் கொட்டினால்தான் கல்யாணம் என்று அவர் மனைவி ஒற்றைக்காலில் நின்றார்.

கல்யாணத்தன்று காலையில் கார் முழுக்க வாழைமரம். மேளக்காரர்களை ஏற்ற இடமில்லை. கருணைலிங்கம் அவர்களை ரயில் நிலையத்துக்கு நடத்திக் கூட்டிவந்து ஒரு டிக்கெட்டைக் கொடுத்தார்.

"அண்ணை, இது ஐஞ்சு பேர் போற டிக்கெட். ஏற முதல் அந்த மெஷினிலை முத்திரை குத்தோணும். எல்லாரும் ஒண்டாத்தான் போகோணும், பிரியக்கூடாது. கடைசி ஸ்டேஷன்லை இறங்கினா எதிரிலை மண்டபம்."

சொல்லிவிட்டு ஓடினார். பாவம், தெளிவாகத்தான் சொன்னார்.

அம்மையப்பன் மெஷினில் டிக்கெட்டைச் செருகி ஒரு முத்திரை குத்தினார். பிறகு பக்கிரி ஒன்று, குஞ்சிதம் ஒன்று, தெட்சிணா ஒன்று. ஆளுக்கொரு முத்திரை ஆனது. டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்த அம்மையப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஒரு ஆள் குறையுதேடா."

"நாலு பேராப் போனா கவர்மென்ட்டை ஏமாத்துன மாதிரி ஆயிடும்ணே" என்றார் தெட்சிணா.

"என் தவிலைச் சேத்துக்குவோமே. அதுவும் ஒரு ஆள் கனம் இருக்கு."

"தவிலுக்குப் பாஸ்போர்ட் இருக்கா?" என்று அம்மையப்பன் கேட்டார். பக்கிரி யோசித்துப் பார்த்து, இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

ரயில் வந்தது. ஏறினார்கள். உள்ளே ஜன்னலோரம் ஒரு வெள்ளைக்காரர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தம் போடாமல் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். செக்கர் வந்தபோது அம்மையப்பன் டிக்கெட்டை நீட்டி, ஒவ்வொருவராகத் தொட்டுக் காட்டி, கடைசியில் தூங்குகிறவரையும் காட்டினார். டிக்கெட்டில் இருந்த முத்திரைகளைப் பார்த்துச் செக்கர் பெருமூச்சு விட்டார். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

"கவர்மென்ட்டே ஒத்துக்கிச்சு" என்றார் அம்மையப்பன்.

கடைசி ஸ்டேஷன் வந்தது. வண்டியே காலியானது. ஐந்தாவது ஆள் மட்டும் அசையவில்லை.

"எறங்கலாமாண்ணே?"

"பிரியக்கூடாதுன்னு சொன்னாரா இல்லையா?"

"எழுப்பிருவோமே."

"தூங்குற மனுசனைத் தொட்டு எழுப்புறது பாவம். ஸ்வாமியை எழுப்புற மாதிரி பூபாளம் வாசிக்கிறேன்."

வாசித்தார். பூபாளத்தில் ஆரம்பித்தவர் எப்படியோ வழுக்கி நீலாம்பரியில் விழுந்தார். தாலாட்டு ராகம் அல்லவா, அந்த மனிதர் காலை நீட்டிப் படுத்தேவிட்டார். வழியில் ஏறியவர்களில் ரெண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். அதற்குள் ரயில் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது கருணைலிங்கம் கொடுத்திருந்த போன் அலறியது.

"அண்ணை! எங்கை நிக்கிறியள்?"

"நிக்கலீங்க. நல்லா உக்காந்துதான் இருக்கோம்."

"ஐயோ, முகூர்த்தம் முடியப் போகுது! மாப்பிள்ளை தாலியைக் கையிலை வச்சுக்கொண்டு நிக்கிறார். மனுசி கட்டவிடமாட்டன் எண்டு அழுறா!" கருணைலிங்கத்தின் குரலே உடைந்துபோயிருந்தது. "போனிலையாவது வாசியுங்கோ. நான் மைக்கிலை பிடிக்கிறன். கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

அம்மையப்பன் போனைத் தெட்சிணாவிடம் நீட்டிவிட்டு நாகஸ்வரத்தை எடுத்தார். ஆயிரம்தான் அசட்டுத்தனம் இருந்தாலும் அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அவர்கள் வேறு மனிதர்கள். தெட்சிணா போனைத் தூக்கிப் பிடித்தார். தவில் இடித்தது, தாளம் தெறித்தது, நாகஸ்வரம் வண்டியின் கூரையைத் தூக்கியது. பிறகு கதையாகக் கேட்ட எனக்கே இப்போதும் கண் கலங்குகிறது.

"கட்டியாச்சு!" என்று போனுக்குள் கருணைலிங்கம் கத்தினார். "நேரா வந்து சாப்பிடுங்கோ!" அத்தோடு போனில் சார்ஜ் தீர்ந்தது.

தூங்கிக்கொண்டிருந்தவர் துள்ளி எழுந்தார். சுற்றிப் பார்த்தார். பட்டு வேட்டியும் விபூதியுமாக நாலு பேர் தன்னையே பார்ப்பதைக் கண்டு, அடுத்த ஸ்டேஷனில் குதித்து இறங்கினார். நாலு பேரும் பின்னாலேயே இறங்கினார்கள்.

"கடைசி ஸ்டேஷன்லயில்ல எறங்கச் சொன்னாரு?" என்றார் குஞ்சிதம்.

"எறங்கிட்டோம். இனிமே நமக்கு வேற ஸ்டேஷன் வரப்போகுதா? அப்ப இதுதானே கடைசி?" என்றார் அம்மையப்பன்.

ஐந்தாவது ஆள் வேகமாக நடந்தார், இவர்களும் வேகமாக நடந்தார்கள். அவர் ஓடினார், பக்கிரி தவிலோடு ஓடினார். ஒரு வீட்டுக் கதவைத் திறந்து அவர் உள்ளே பாய்ந்து மாடிக்கு ஓடிவிட்டார். இவர்கள் செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, பின்னாலேயே போய், கூடத்தில் கல்யாணப் பந்திக்கு உட்காருவதுபோல் வரிசையாகச் சப்பணமிட்டு உட்கார்ந்து, சமையலறைப் பக்கம் பார்த்தார்கள்.

அந்த வீட்டு அம்மாள், கணவரோடு வேலை பார்ப்பவர்களாக்கும் என்று நினைத்து, முகம் சுளிக்காமல் ஆளுக்கு ஒரு தட்டில் ரொட்டித்துண்டும் சீஸும் வைத்தாள்.

அம்மையப்பன் தட்டைப் பார்த்தார். மற்ற மூவரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் பேசாமச் சாப்பிடுங்கடா" என்றார் தாழ்ந்த குரலில். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுல விழுந்தா, பொண்ணைப் பெத்தவருக்குத்தான் தலைகுனிவு."